கருத்துக் கேட்புக்கு நோட்டோடு போங்கள்

புதிய மினி பேருந்துத் திட்டத்தின் வரைவை 2024 ஜூனில் தமிழக அரசு வெளியிட்டது. அதன் மீதான கருத்துக் கேட்புக் கூட்டம் அந்த ஆண்டு ஜூலை 22-இல் சென்னைத் தலைமைச் செயலகத்தில், உள்துறைச் செயலாளர் தலைமையில் நடந்தது. மினி பேருந்து உரிமையாளர்களுக்குத் தூரமும் கட்டணமும் கவலை. அரசுப் போக்குவரத்துத் தொழிற்சங்கங்களுக்கு, தனியார் வண்டி உள்ளே வந்தால் அரசுப் பேருந்தின் வருமானம் என்ன ஆகும் என்ற கவலை. இரண்டுமே நியாயமான கவலைகள்தான். ஆனால் அந்த வண்டியில் ஏறி இறங்கப் போகிறவருக்கும் ஒரு கவலை உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் ஒன்றியத்தின் கடைக்கோடி ஊரிலிருந்து அவர் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஓர் இரவுப் பயணம், ஒரு நாள் கூலி, திரும்பி வர இன்னோர் இரவு.

திட்டம் 2025 மே 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 16-இல் தஞ்சாவூரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 1997-இல் அறிமுகமான பழைய திட்டத்தில் ஒரு மினி பேருந்து அதிகம் போனால் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் வேறு பேருந்து இல்லாத சாலையாக இருக்க வேண்டும். புதிய திட்டத்தில் மொத்தத் தூரம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் பேருந்து வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். அதாவது 20 கிலோமீட்டர் தடம் என்றால் 13 கிலோமீட்டராவது வேறு பேருந்து போகாத சாலை. உங்கள் ஊருக்குள் வண்டி நுழையுமா, கைகாட்டியிலேயே திரும்பிவிடுமா என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. எங்கோ முடிவான ஓர் எண் உங்கள் தெருமுனையில் வந்து நிற்பது இப்படித்தான்.

அந்த முடிவில் உங்கள் ஊரின் பேச்சும் இடம்பெற என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “எங்க ஊருக்கு பஸ் வேணும்” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு, எங்கே போக என்று கேளுங்கள். பேருந்து வேண்டும் என்ற மனுவுக்கு “பரிசீலிக்கப்படும்” என்று எழுதி அனுப்பிவிடலாம். காலை 7.40-க்கு இந்த முக்கத்தில் வண்டி வேண்டும் என்ற மனுவுக்கு, முடியும் அல்லது இன்ன காரணத்தால் முடியாது என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

யாரிடம், எத்தனை நாளுக்குள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 99, 100 ஆகிய இரண்டு பிரிவுகளையும் நினைவில் வையுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் எந்தப் பகுதியில், எந்தத் தடத்தில் ஓடும், தனியாருக்கு எவ்வளவு இடம் என்பதை முடிவு செய்யும் திட்டங்கள் இந்தப் பிரிவுகளின் கீழ் வருகின்றன. முன்மொழிவை அரசிதழில் வெளியிட வேண்டும். அந்தப் பகுதியில் விற்பனையாகும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவது வெளியிட வேண்டும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ‘எவரும்’ என்பது சட்டத்தின் சொல். நீங்கள் பேருந்து முதலாளியாகவோ சங்கத் தலைவராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆட்சேபம் தெரிவித்தவர் விரும்பினால் அவரையோ அவருடைய பிரதிநிதியையோ நேரில் கேட்ட பிறகே அரசு திட்டத்தை ஏற்கவோ திருத்தவோ முடியும்.

30 நாள் என்பது கிராமத்துக்கு மிகக் குறைவு. செய்தித்தாளில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பை யார் பார்க்கிறார்கள்? ஊருக்கு ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிளை நூலகத்தில் நாளிதழ் படிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணோ போதும். அறிவிப்பைக் கண்டதும் கைபேசியில் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டுவிட்டால் அன்றைக்கே வேலை தொடங்கிவிடும். சென்னைக்குப் போக முடியாதவர்கள் எழுத்தில் அனுப்புங்கள். ஒப்புகையோடு கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை வந்ததும் மனு நகலோடு சேர்த்துத் தையுங்கள். நான்கைந்து ஊர்கள் சேர்ந்து ஒருவரை அனுப்பவும் செய்யலாம். பிரதிநிதி என்ற சொல் சட்டத்தில் இருப்பதே அதற்காகத்தான்.

நேரில் கேட்பது என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று காட்டும் ஒரு பழைய வழக்கு உண்டு. ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் தனியார் பேருந்துத் தடங்களை அரசு எடுத்துக்கொள்ளும் திட்டத்துக்கு உரிமையாளர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். அவர்களைப் போக்குவரத்துத் துறைச் செயலாளர் நேரில் கேட்டார். உத்தரவை முதலமைச்சர் போட்டார். குல்லாபள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கு என்று பெயர். 1958-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்கவில்லை. ஒருவர் கேட்டு இன்னொருவர் முடிவெடுத்தால் அந்தக் கேட்பு வெறும் சடங்காகிவிடும் என்றது. இந்திய நிர்வாகச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் தவறாமல் படிக்கும் இந்தத் தீர்ப்பு, பேருந்துத் தடம் ஒன்றைப் பற்றிய சண்டையில் பிறந்தது. ஆகவே எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், “இதில் இறுதி முடிவு எடுப்பவர் யார்?” என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனுவின் ஒரு நகல் அவர் பெயருக்கே போகட்டும்.

திட்டம் மாநில அளவில் முடிவானாலும், எந்தெந்தத் தடம், யாருக்கு அனுமதி என்பது மாவட்டத்தில்தான் முடிவாகிறது. வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்ற அந்த அதிகாரம் ஆட்சியரிடம் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அதன் செயலராக இருந்து கோப்பை நகர்த்துகிறார். நம் ஊரில் இவரையும் ஆர்.டி.ஓ. என்கிறோம், வருவாய்க் கோட்டாட்சியரையும் ஆர்.டி.ஓ. என்கிறோம். மனுவில் பதவியை முழுமையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அது ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே ஒரு மாதம் ஆகிவிடும்.

நோட்டு

கூட்டத்தில் பேசும் மூன்று நிமிடத்துக்கு மூன்று வாரம் உழைக்க வேண்டும். கேட்கப் பெரிதாகத் தோன்றலாம். செய்யும்போது இது மிக எளிய வேலை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நிறுத்தத்துக்கு அருகில் இருக்கும் டீக்கடையிலோ பெட்டிக்கடையிலோ அதை வையுங்கள். பக்கத்தில் ஐந்து கோடு போடுங்கள்: தேதி, பேருந்தின் பெயரும் தட எண்ணும், வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள். வராத நாளில் ‘வரவில்லை’ என்று எழுத மறக்காதீர்கள். அதுதான் பின்னால் அதிகம் பேசும். கடைக்காரரும், காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் இருவரும் எழுதினால் போதும். மழை நாள், சந்தை நாள், திருவிழா நாள் என்றால் ஓரத்தில் குறியுங்கள். விராலிமலையில் தைப்பூசத்தன்று பேருந்து தாமதமானதை வைத்து ஆண்டு முழுவதும் தாமதம் என்று வாதாடினால், எதிரில் இருக்கும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் ஒரு வரியில் உங்களை மடக்கிவிடுவார்.

இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. புதிய திட்டத்தின் 65 சதவீதக் கணக்கில், ஒரு சாலைத் துண்டில் காகிதத்தில் ஒரு பேருந்து ஓடினாலும் அதைச் சேவை உள்ள பகுதி என்று எடுத்துக்கொண்டுவிடும் ஆபத்து இருக்கிறது. அந்தப் பேருந்து நடைமுறையில் வருகிறதா, வாரத்தில் எத்தனை நடை அடிக்கிறது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று இந்த நோட்டு மட்டுமே.

அடுத்தது, ஊருக்குள் கேட்டு எழுதுவது. யாருக்கு எந்த நேரம் வேண்டும்? இதில்தான் ஒவ்வோர் ஊரும் வேறு. கீரமங்கலம் பூச்சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவருக்கு விடியற்காலை வண்டிதான் வண்டி. வெயில் ஏறிப் போய்ச் சேர்ந்தால் பூவுக்கு விலை இல்லை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மீன் எடுத்து உள்ளூர்களில் விற்கும் பெண்களுக்கு, கூடையோடு ஏற்றிக்கொள்ளும் வண்டி வேண்டும். முள்ளூரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிற முதியவருக்குக் காலையில் புறநோயாளிச் சீட்டு போடும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதைவிட முக்கியம், மருந்து வாங்கிக்கொண்டு மதியம் திரும்பும் வண்டி. போகும் வண்டியை எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பும் வண்டியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மகளிர் கல்லூரியில் படிக்கும் பெண்ணை மேலே படிக்க வைப்பதா, நிறுத்துவதா என்று வீட்டில் பேச்சு வரும்போது முடிவைச் சொல்வது பல ஊர்களில் மாலைக் கடைசி பஸ்தான்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பெருமைக்குரிய, மாண்புமிகு என்று பாதிப் பக்கம் போக வேண்டாம். ஒரு மாதிரி தருகிறேன். எண்களை உங்கள் நோட்டிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

“எங்கள் ஊரிலிருந்து கைகாட்டி வரை 3 கிலோமீட்டர். இந்தச் சாலையில் எந்தப் பேருந்தும் வருவதில்லை. மேல்நிலைப் பள்ளிக்கு 34 பிள்ளைகள் காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்குகிறார்கள். கைகாட்டிக்கு 8.05-க்கு வர வேண்டிய நகரப் பேருந்து, நாங்கள் குறித்த 18 பள்ளி நாட்களில் 5 நாள் வரவில்லை. நோட்டின் நகல் இணைப்பு. முன்மொழியப்பட்டுள்ள மினி பேருந்துத் தடத்தைக் கைகாட்டியோடு முடிக்காமல் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் வரை நீட்டித்து, காலை 7.40-க்கும் மாலை 4.45-க்கும் நடை தருமாறு கேட்கிறோம். சாலையின் அகலம் போதுமானது. திரும்புவதற்குப் புறம்போக்கு இடம் உள்ளது, வரைபடம் இணைப்பு.”

கடைசி வரியைப் பாருங்கள். வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, குறுக்கே தாழ்ந்த மின்கம்பி உண்டா, கண்மாய்க் கரைச் சாலை மழையில் தாங்குமா, பாலம் எவ்வளவு அகலம் என்பவற்றைத்தான் தடத்தைப் பார்வையிட வரும் அலுவலர்கள் முதலில் பார்ப்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு நீங்களே முந்திக்கொண்டு பதில் எழுதிவிட்டால், கோப்பு ஒரு சுற்று குறையும்.

மனுவுக்கு வலு சேர்க்க கிராம சபைத் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை சபை கூடுகிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. தலைவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்த ஊர்கள் அப்போது திகைத்தன. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சபை உங்களுடையது. தீர்மானத்தில் தடம், நிறுத்தம், நேரம் மூன்றும் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

மன்றத்தில்

ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் என்றால் அரை மணி நேரம் முன்னால் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகே பேச உட்காருங்கள். பேச்சு காற்றோடு போய்விடலாம். முத்திரை விழுந்த தாள் கோப்பில் இருக்கும்.

ஊரிலிருந்து பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் ஒன்றையே சொல்ல வேண்டாம். ஒருவர் தடத்தைச் சொல்லட்டும், ஒரு மாணவி காலை நேரத்தைச் சொல்லட்டும், ஓர் அம்மா மருத்துவமனையிலிருந்து திரும்புவதைச் சொல்லட்டும். பெண்கள் பேசுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991-92-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கே சைக்கிள் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பேருந்துக்காகக் காத்துக் கிடப்பதும், கொண்டுவிட வீட்டு ஆண்களை எதிர்பார்ப்பதும் தங்கள் நாளில் எவ்வளவைத் தின்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தலைமுறையின் மகள்களும் பேத்திகளும் இன்று மன்றத்தில் பேச வேண்டியவர்கள்.

அதிகாரி இடையில் கேள்வி கேட்பார். பயப்பட வேண்டாம்.

“அந்த ரூட்டுல ஏற்கெனவே டவுன் பஸ் ஓடுதேம்மா?”

“ஓடுதுங்கய்யா. ஆனா எட்டே முக்காலுக்குத்தான் வருது, ஒம்போது மணிக்குப் பள்ளிக்கூடம். இந்தாங்க, மூணு வாரமா எழுதியிருக்கோம். நேரத்த மட்டும் மாத்திக் குடுத்தாக்கூடப் போதுங்கய்யா.”

இந்தப் பதிலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதிகாரி செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. புதிய தடம், புதிய அனுமதி என்றால் மாதக் கணக்கில் ஆகும்; ஓடுகிற பேருந்தின் நேரத்தை மாற்றுவது அதைவிடச் சிறிய வேலை. ஆகவே பெரிய கோரிக்கையோடு சிறிய கோரிக்கை ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

மினி பேருந்து வருவதாக இருந்தால், இன்னொரு வரியை மறக்காமல் மனுவில் சேருங்கள்: “மினி பேருந்தைக் காரணம் காட்டி அரசு நகரப் பேருந்தின் எந்த நடையையும் குறைக்கக் கூடாது.” 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மாணவர்களுக்கான இலவசப் பயண அட்டையும் அரசுப் பேருந்துக்குத்தான். மினி பேருந்தை ஓட்டுவது தனியார். ஏறுகிற எல்லோரும் சீட்டு வாங்க வேண்டும். வண்டி வந்த மகிழ்ச்சியில் இதைக் கவனிக்காமல் விட்டால், நூறு நாள் வேலைக்கும் சந்தைக்கும் போகிற பெண் தினமும் காசு கொடுத்துப் போக வேண்டியதாகிவிடும். தொழிற்சங்கத்தினர் மினி பேருந்தை எதிர்த்துப் பேசும்போது அவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். அரசுப் பேருந்தின் நடை குறையக் கூடாது என்ற இடத்தில் நீங்களும் அவர்களும் ஒரே பக்கம்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணைக்கு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை வகுத்த முறையைப் பேருந்துக்கும் கேட்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். விசாரணை திட்டம் அமையும் இடத்திலோ அதற்கு அருகிலோ நடக்க வேண்டும். காணொளிப் பதிவு செய்ய வேண்டும். நடவடிக்கைச் சுருக்கத்தை முடிவில் மக்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். போக்குவரத்துச் சட்டத்தில் இவ்வளவு தெளிவு கிடையாது. ஆனாலும் கேட்பதில் தடை இல்லை. “அறந்தாங்கியில் ஒன்று, இலுப்பூரில் ஒன்று என்று கோட்டத்துக்கு ஒரு கூட்டம் வையுங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள்.

கூட்டமே நடக்காத மாற்றங்கள்

பயணிகளை அதிகம் வாட்டும் மாற்றங்களுக்குப் பெரும்பாலும் எந்தக் கூட்டமும் நடப்பதில்லை. ஓட்டுநர் பற்றாக்குறை என்று ஒரு நடை கட் ஆகும். இரவு ஊரில் தங்கி விடியலில் கிளம்பும் வண்டி டிப்போவோடு நின்றுவிடும். நகரப் பேருந்து ஒன்று புறநகர் வண்டியாக மாறி, பெண்களுக்கான சலுகை அந்தத் தடத்தில் இல்லாமல் போகும். 2018 ஜனவரி 20-இல் கட்டணம் உயர்ந்தபோதும் முந்தின நாள்தான் மக்களுக்குத் தெரிந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு, அதே மாதம் 29-இல் ஓரளவு குறைத்தார்கள். அமெரிக்காவில் மத்திய நிதி பெறும் பேருந்து நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்னும் சேவையைப் பெரிதாகக் குறைப்பதற்கு முன்னும் மக்கள் கருத்தைக் கேட்டுப் பரிசீலித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று தேவை. அது வரும் வரை, கூட்டத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் அதற்கு நல்ல இடம். மனு பதிவாகி எண் கிடைக்கும். அது போக்குவரத்துக் கழகத்தின் புதுக்கோட்டை மண்டல அலுவலகத்துக்குப் போகும். முதலமைச்சரின் உதவி மையமான 1100 எண்ணிலும் அதே கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். வாசகம் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். மாறினால் இரண்டு தனிக் கோரிக்கையாகப் பிரிந்து இரண்டு அரைகுறைப் பதில்கள் வரும். கிளை மேலாளரை நேரில் பார்த்துப் பேசுவதையும் விடாதீர்கள். எந்த வண்டி எங்கே சும்மா நிற்கிறது, எந்த நடையில் ஆள் இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும். பல நேரம் தீர்வும் அவர் மேசையிலேயே இருக்கும்.

பதில் வராவிட்டாலோ, “தங்கள் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டு பேருந்து முறையாக இயங்கி வருகிறது” என்று பதில் வந்தாலோ, தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு. ஏன் பேருந்து வரவில்லை என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தட எண் பேருந்தின் அனுமதிக்கப்பட்ட கால அட்டவணை நகல், இன்ன மாதத்தில் இயக்கப்பட்ட நடைகளும் ரத்தான நடைகளும் தேதிவாரியாக, கருத்துக் கேட்புக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல். வந்த தாளை உங்கள் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக ஒப்பிடுங்கள். அவர்கள் ஓடியதாகச் சொன்ன நாளில் உங்கள் நோட்டில் ‘வரவில்லை’ என்று இருந்தால், அந்தத் தேதிகளை மட்டும் பட்டியலிட்டு அடுத்த திங்கட்கிழமை மனுவில் இணையுங்கள்.

தகவல் தர 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.